விலை கேட்டுப் போகிறவள்

வாய் உளுத்தம்பருப்பின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தது. மனசு வீட்டு வாசலில், எட்வின் செருப்பு மாட்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. "நீயே சொல்லிடு. உனக்குத் தெரியாத விலையா" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கோபத்தில் சொன்னானா, அலுத்துப்போய்ச் சொன்னானா, நிஜமாகவே நம்பித்தான் சொன்னானா என்று சுகிர்தாவுக்குப் பிடிபடவில்லை. கேலியாக இருந்தால் கடைசி எழுத்தை இழுத்திருப்பான். இழுக்கவில்லை. கோபம் என்றால் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தியிருப்பான். அதுவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனுடைய குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தாள். குழாயை மூடிவிடு என்பதுபோல, கண்ணாடியைப் பார்க்காமல் தலை சீவிக்கொண்டே சொன்னான். "என்னம்மா, ரெண்டு தரம் சொல்லிட்டேன், காதுல விழலியா?" என்றார் ஞானதிரவியம் அண்ணாச்சி, தராசுக்குப் பின்னாலிருந்து. "மறுபடி சொல்லுங்க அண்ணாச்சி." "சொன்னா மட்டும் வாங்கிடவா போறீங்க?" என்று சிரித்தார். இந்த வேலைக்கு வந்த நாளாய் மாசம் தவறாமல் அவர் சொல்லும் வேடிக்கை இது. அவளும் மாசம் தவறாமல் சிரிப்பாள். இன்றும் சிரித்தாள், சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. அவர் சொன்ன விலையை அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில் தட்டினாள். போன மாச விலை பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஏறியிருந்தது. துவரம்பருப்பு ஏறியிருந்தது. நல்லெண்ணெய் கொஞ்சம் இறங்கி, சமையல் எண்ணெய் ஏறியிருந்தது. ஏறியது, இறங்கியது என்று சொல்வதே ஒரு விதத்தில் வேடிக்கை, யாரோ ஏணி வைத்துக்கொண்டு விளையாடுகிற மாதிரி. அதே கடை, அதே சாமான், அதே தரம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டுக்கொண்டு போக வேண்டியது, அவ்வளவுதான் அவள் வேலை. ஊரில் விலைவாசி எவ்வளவு கூடியது என்று அரசாங்கம் சொல்கிற கணக்குக்கு அடியில் எங்கேயோ அவள் தட்டுகிற இந்த எண்களும் கிடக்கும். டிவியில் அந்தச் சதவீதம் ஓடும்போது எட்வின் அவள் பக்கம் திரும்பி, "உன் நியூஸ் வருது பார்" என்பான். அந்தச் சதவீதத்தை வைத்து யார் யாருக்கோ பஞ்சப்படி கூடும். அவளுக்குக் கூடாது. அவள் ஒப்பந்த ஆள். இதை ஒரு குறையாக யாரிடமும் அவள் சொன்னதில்லை. மழை பெய்கிறது என்பதைப்போல அது ஒரு விஷயம்.

கடையை விட்டு இறங்கியதும் வெயில் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. குடையை விரிக்கலாமா என்று யோசித்து, ஒரு கையில் டேப், ஒரு கையில் குடை என்றால் பையை எதில் பிடிப்பது என்று விட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் சம்பந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தம்தான் வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சௌகரியம், அவரைத் திட்டிக்கொண்டே முடிவெடுத்துவிடலாம். போன வாரம் வந்தவர் நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, காபி வேண்டாம் என்று சொல்லி, பிறகு குடித்து, "எட்டு ரொம்ப நாளா குடுக்கறீங்க, நானும் ஒண்ணும் கேக்கல. இப்ப பன்னெண்டு ஆக்கிக்கலாம்னு இருக்கேன். முடியும்னா நீங்களே இருங்க, எனக்கு அதுதான் சந்தோஷம். முடியலன்னா சொல்லிடுங்க, ஆள் ரெடியா இருக்காங்க" என்றார். ஆயிரம் என்கிற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. எட்டு, பன்னெண்டு. பஸ் நம்பர் மாதிரி. எட்வின் சுவரைப் பார்த்தான். சுவரில் மகள் பிரின்சி சின்ன வயசில் கிரேயானால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது; அதைத்தான் பார்த்தானா என்பது தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் லேத் ஓட்டுகிற பட்டறையில் தீபாவளிக்குப் பிறகு ஓவர்டைம் நின்றுபோய்விட்டது. ஓவர்டைம் என்பதை அவர்கள் உபரி என்று என்றைக்கும் நினைத்ததில்லை, அதுதான் பால், அதுதான் பிரின்சியின் டியூஷன். நின்ற பிறகுதான் அது உபரி என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் மட்டும் வேப்பம்பட்டுக்குப் போய் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தான். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. "அஞ்சு சொல்றாங்க. கிணறு இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து நடந்துடலாம்" என்றான். நடக்க எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் போகச் சம்மதம் என்று ஆகிவிடும். பிரின்சிதான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "எனக்கு ட்ரெயின் ஓகேப்பா" என்றது. பதினொன்றாம் வகுப்புப் பெண் இவ்வளவு சீக்கிரம் ஓகே என்று சொல்லக்கூடாது. கொஞ்சம் அழுதிருக்கலாம். அழுதிருந்தால் சுகிர்தா அதைச் சாக்காக வைத்து இருந்த இடத்திலேயே இருந்துவிட்டிருப்பாள்.

ஷபீர் பாயின் தையல் கடை சந்துக்குள் இருந்தது. உள்ளே இரண்டு மிஷின், ஒன்றில்தான் ஆள். மற்றதில் அயர்ன் பண்ணிய பேண்ட்கள் அடுக்கியிருந்தன. அவள் வந்ததைப் பார்த்ததும் பாய் காலை மிதியிலிருந்து எடுக்காமலே, "அதேதான்மா" என்றார். பேண்ட் தையல் கூலி, சட்டை தையல் கூலி, இரண்டும் அதேதான். போன தடவையும் அதேதான், அதற்கு முந்தியும். "ஏத்தவே மாட்டீங்களா பாய்?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் கிடையாது. விலை என்ன என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; ஏன் என்று கேட்கக்கூடாது, அது அவள் வேலையில்லை, ஏன் என்று ஆரம்பித்தால் ஒரு கடையைவிட்டு வெளியே வர முடியாது. "ஏத்தலாம்மா. ஏத்தினா ரெடிமேட் கடைக்குப் போயிடுவாங்க. அவன் பேண்டையே என் கூலிக்கு விக்கறான்" என்றார், ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு. "நூல் விலை ஏறிடுச்சு, கரண்ட் ஏறிடுச்சு. கடை வாடகையைக் கேக்காதீங்க." "அப்ப எப்படி பாய்?" "கண்ணு தெரியற வரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்." அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஆர்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவரிடம் வெள்ளிக்கிழமை என்று சொல்கிற குரலில் சொன்னார். மாற்றமில்லை என்று தட்டினாள். ஏறுகிற எண்கள் எல்லாம் வாங்குகிற பொருளாக இருக்கின்றன, ஏறாத எண்கள் எல்லாம் மனுஷன் கையாக இருக்கின்றன என்று ஒரு வரி போல மனசில் ஓடியது. ஓடியதும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் வேலை செய்ய முடியாது. அதோடு அது சரியும் இல்லை, முடி வெட்டுகிற கூலி ஏறியிருக்கிறது, பிளம்பர் கூலி ஏறியிருக்கிறது. யாருடைய கை என்பதைப் பொறுத்தது. எட்வினுடைய கை எந்தக் கை? லேத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் கம்பி சீவுகிற கை. ராத்திரி சாப்பிட்ட பிறகும் அந்தக் கையில் மிஷின் எண்ணெய் வாசனை இருக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாசனையைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. பிறகு ஓவர்டைம் நின்ற வாரத்தில் ஒருநாள் அந்த வாசனை குறைந்திருப்பதைத்தான் முதலில் கவனித்தாள், அவன் வாயைத் திறந்து சொல்வதற்கு முன்னால்.

உனக்குத் தெரியாத விலையா. தெரியும்தான். அரிசி தெரியும், மண்ணெண்ணெய் இருந்தபோது அது தெரியும், ஒரு கட்டு கீரை தெரியும், ஒரு தடவை டாக்டரைப் பார்க்க எவ்வளவு என்று தெரியும். ஆனால் விலை தெரிவதும் வாங்க முடிவதும் வேறு வேறு இல்லையா என்று அவனிடம் கேட்டிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுகிர்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இந்த விலையெல்லாம் யாருக்காகக் கேட்கிறோமோ அந்தக் குடும்பத்தை மனசுக்குள் கற்பனை செய்துகொள்வாள். ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மாசாமாசம் அதே அளவு அரிசி வாங்குகிறார்கள், அதே அளவு மீன், ஒரு சோப்பு, எப்போதாவது ஒரு சினிமா. ஒழுங்கானவர்கள். பிறகு அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போயிற்று. அந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒருநாள் யோசித்தாள், அவர்களுக்கு ஒரு வீடு வைத்துக் கொடுக்க முடியவில்லை. கூவத்துக்கு இந்தப் பக்கம் வைத்தால் வாடகை கட்டுபடியாகாது, அந்தப் பக்கம் வைத்தால் அப்பாவுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ். அவர்கள் அப்படியே, மூட்டை முடிச்சோடு, வீடில்லாமல் அவள் மனசிலிருந்து வெளியேறிவிட்டார்கள். அப்பா ரயில்வேயில் இருந்தபோது பெரம்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அப்போது வாடகை என்கிற வார்த்தையே வீட்டில் கிடையாது. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்பா ரிட்டயரான பிறகு காலி பண்ணிய அன்று, படங்களைக் கழற்றிய இடங்களில் சுவர் வெள்ளையாக, சதுரம் சதுரமாகத் தெரிந்ததும், அம்மா அதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. துடைத்துப் போகிற கறையா அது? சுற்றியிருந்த சுவர்தான் அழுக்கு. படத்துக்குப் பின்னால்தான் சுத்தம். அம்மா அதை யோசிக்கவில்லை. பெரம்பூரிலிருந்து ஐயனாவரம், ஐயனாவரத்திலிருந்து இப்போது வேப்பம்பட்டு. அடுத்தது பிரின்சி தன் குடும்பத்தோடு திருவள்ளூரில் இருப்பாள், அவள் பெண் அரக்கோணத்தில். ஒரே ரயில் பாதையில் ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி இறங்குகிறது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொல்கிறார்கள். பயம் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு அறையில் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டோம் என்கிற மாதிரி, நடந்துகொண்டே இருக்கும்போது இடுப்புக்கு மேலே எங்கேயோ ஒரு பிடிப்பு. அது வெயிலாகவும் இருக்கலாம். காலையில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டாள்.

ஓட்டேரியில் அந்த வீட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் போக வேண்டும். அங்கே கேட்பது சாமான் விலை அல்ல, வாடகை. ஊருக்குள் அங்கங்கே சில வீடுகளை அலுவலகம் குறித்துக் கொடுத்திருக்கிறது. அதில் இது ஒன்று. கீழே குமுதா குடியிருக்கிறாள், மாடியில் வீட்டுக்காரர் தணிகாசலம். குமுதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள், புருஷன் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறான். மற்ற வீடுகளில் சுகிர்தாவை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவார்கள். குமுதா உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார வைப்பாள். ஒரே அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு. அறையில் ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை லேசாக இருக்கும், குமுதாவின் கையிலிருந்தோ புடவையிலிருந்தோ வருவது. இன்று அவள் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கி எழுந்திருந்தாள். தலை கலைந்திருந்தது, கன்னத்தில் பாய்க்கோடு. "வாங்கக்கா. அதே ஏழுதான், எழுதிக்குங்க" என்றாள், கொட்டாவியை மறைத்துக்கொண்டு. சுகிர்தா உட்கார்ந்து டேப்பைத் திறந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தணிகாசலம் இறங்கி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி, பனியன், காதோரம் ஷேவிங் சோப்பு காயாமல் இருந்தது. பாதி ஷேவ் பண்ணும்போது ஜன்னல் வழியாக அவள் வருவதைப் பார்த்திருக்க வேண்டும்.

"வாடகை விசாரிக்கிற மேடம்தானே?" என்றார். "நல்ல நேரத்துல வந்தீங்க. நான் உங்களதான் கேக்கணும்னு இருந்தேன். இந்த ஏரியாவுல இப்ப என்ன போவுது?"

"அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாது சார். ஒரு வீட்டுல சொன்னதை இன்னொரு வீட்டுல சொல்றதில்ல."

"யார் வீடுன்னு சொல்ல வேணாம்மா. பொதுவா ஒரு ரேட் இருக்குமில்ல."

"பொதுவாவும் சொல்றதில்ல சார்."

அவர் சிரித்தார். மரியாதையான சிரிப்பு. குமுதா எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள், கை, மடித்துப் போட்டிருந்த பாயைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் சுகிர்தாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதில் கவனமாக இருந்தாள். "சரி, அது கவர்மென்ட் ரூலு. விடுங்க" என்றார் தணிகாசலம். "உங்க வீட்டைச் சொல்லுங்க. நீங்களும் வாடகைதானே? எந்தத் தெரு? எவ்வளவு குடுக்கறீங்க? அதைச் சொல்றதுக்கு ரூல் கிடையாதில்ல?"

கிடையாதுதான். தன் வீட்டு வாடகையைச் சொல்லக்கூடாது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஒரு கணத்துக்குள் எத்தனை யோசனை போக முடியும் என்பது சுகிர்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வாடகைக்கு இல்லை என்று சொல்லலாம். சொந்த வீடு, மாமனார் கட்டினது. அப்படிச் சொன்னால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவளுக்கு ஒரு வீடு இருக்கும், மாமனார் கட்டிய வீடு, பால்கனியோடு. குமுதாவின் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது, போன தடவை வந்தபோது தண்ணி லாரி பற்றிப் பேசும்போது எங்க வீட்டுக்காரர் என்று சம்பந்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பன்னெண்டு என்று சொல்லலாம். அது இன்னும் ஆகவில்லை, சாயங்காலம்தான் ஆகும், அதுவும் அவள் தலையாட்டினால். பன்னெண்டு என்று இப்போது வாயால் சொல்லிவிட்டால் சம்பந்தத்துக்கு முன்னால் தணிகாசலத்திடம் ஒப்புக்கொண்ட மாதிரி. அதோடு பன்னெண்டு என்ற எண் இந்த அறைக்குள் விழுந்தால் அது குமுதாவின் தலையில்தான் விழும். நாலு என்று சொல்லலாம், மூணு என்று சொல்லலாம், நம்பமாட்டார். எட்டு. எட்டுதான் நிஜம். இன்று காலை வரை, இந்த நிமிஷம் வரை, அவள் குடுக்கிற வாடகை எட்டுதான். அது பழைய வாடகை, குறைந்த வாடகை, ஐயனாவரத்தில் இப்போது அந்த வாடகைக்கு ஒரு கார் ஷெட்டுகூடக் கிடைக்காது. அதைச் சொன்னால் பொய்யும் இல்லை, குமுதாவுக்குக் கெடுதலும் இல்லை. நிஜம் சில சமயம் இப்படிக் கைக்கு அடக்கமாக வந்து கிடைக்கும் என்பது அவளுக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது.

"எட்டு சார்" என்றாள். "ஐயனாவரத்துல. ரெண்டு ரூம், ஹாலு. பல வருஷமா எட்டுதான்."

"எட்டா?" தணிகாசலம் காதோரச் சோப்பை விரலால் வழித்தார். "எந்தத் தெருன்னீங்க?" அவள் தெருவைச் சொன்னாள். அவருக்குத் தெரிந்திருந்தது. "அது உள்ளடங்கின தெருவாச்சே. ஆட்டோகூட ரிவர்ஸ்லதான் வரணும். அங்கயே எட்டு போவுதுன்னா..." என்று குமுதாவின் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா. நான் சொன்னா நம்பமாட்டேன்ற. மேடம் வாயாலயே கேட்டுக்கோ. இது பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு வீடு தள்ளி. பத்துக்குக் கம்மியா நான் எப்படி விடறது, நீயே சொல்லு. தை மாசத்துலேர்ந்து பத்துன்னு வெச்சுக்கலாம்." பிறகு சுகிர்தாவைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். மேலே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மீதி ஷேவ் பண்ணப் போகிறார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பின் திரை தானாக அணைந்துவிட்டது. சுகிர்தா அதைத் தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினாள், ஏழு என்று தட்டினாள், ஏனென்றால் இன்றைய தேதிக்கு ஏழுதான். அடுத்த தடவை வரும்போது பத்து. ஏன் என்று அதில் எழுத இடமில்லை. எட்டு என்பது குறைந்த எண் என்று நினைத்தது யார் கணக்கில்? தன் கணக்கில். பன்னெண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எட்டு சின்னது, ஏழுக்குப் பக்கத்தில் வைத்தால் பெரியது. இத்தனை வருஷம் போன மாசத்துக்குப் பக்கத்தில் இந்த மாசத்தை வைத்து வைத்துப் பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. இரண்டு ரூம் ஹாலு என்று வேறு சேர்த்துச் சொன்னாள், அது பெரிய வீடு என்று அவருக்குப் புரியட்டும் என்று. அவர் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு தடவை தணிகாசலத்தின் பின்னாலேயே படியேறிப் போய், சார், நான் சொன்னது தப்பு, ஆறுதான் என்று சொல்லலாமா என்று தோன்றியது. தொடைகள்கூட எழுந்திருக்கத் தயாராயின. பாதி ஷேவிங்கில் இருக்கிற மனுஷன் எண்ணைத் திருப்பிக் கொடுப்பானா?

குமுதா சமையல்கட்டுக்குப் போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வைப்பாள். இன்று வைக்கமாட்டாள் என்று சுகிர்தா நினைத்திருந்தாள்.

"மனசுல வெச்சுக்காத குமுதா. நான் கம்மியா இருக்கும்னு நினைச்சுதான் சொன்னேன்."

"தெரியுங்கா. உங்க மூஞ்சியப் பாத்தேனே." குமுதா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லலைன்னாலும் அவரு ஏத்திதான் இருப்பாரு. பேப்பர்காரரைக் கேட்டாரு, கேஸ் போட வந்தவனைக் கேட்டாரு. எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. ஏதாவது ஒரு வாய் சொல்லணும், அவ்வளவுதான்." கலைந்த தலையை முடிந்துகொண்டே, "பத்து எங்களால முடியாதுக்கா. ஆட்டோ வாடகை போக அவரு கையில நிக்கறதே எப்பவாவதுதான். உங்க தெருவுல ஏதாவது காலியா இருக்கா? எட்டுல இருந்தா மூச்சைப் புடிச்சுப் பாக்கலாம்" என்றாள்.

சுகிர்தா தண்ணீரைக் குடித்தாள். வயிறு வரைக்கும் அது இறங்குவது தெரிந்தது. இருக்கிறது என்றால் எந்த வீடு? இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம். இன்னும் மூன்று கடை பாக்கி இருக்கிறது, மீன்காரன் கடையை மூடிவிடுவான். இல்லை என்று சொன்னால் அது பொய்யா? சாயங்காலம் சம்பந்தத்திடம் சரி என்று சொல்லிவிட்டால் இல்லை என்பது நிஜமாகிவிடும். முடியாது என்று சொன்னால் இருக்கு என்பது நிஜம். தன் வாயில் இருக்கிற பதிலை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தெருத்தெருவாக விலை கேட்டுத் திரிகிறோம் என்று தோன்றியது. பால், டியூஷன், லேத்தின் எண்ணெய் வாசனை, பிரின்சியின் ஓகே. பன்னெண்டைக் குடுக்க முடியாது என்பது அவளுக்கு எப்போது தெரியும்? சம்பந்தம் காபியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. எட்வினிடம் சொன்னால் அவன் தோற்ற மாதிரி ஆகும், பிரின்சியிடம் சொன்னால் அது ஓகே என்றுவிடும்.

"இருக்கு" என்றாள். "எங்க வீடு. நாங்க காலி பண்றோம்."

குமுதா நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு?"

விலை கேட்டே பழகியவளிடம் இன்று இரண்டாவது தடவையாக விலை கேட்கிறார்கள். "பன்னெண்டு கேக்கறாரு. எட்டு எங்களோட போயிடுச்சு."

குமுதா சிரிக்கவோ வருத்தப்படவோ இல்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், துணியை எண்ணி முடித்தவள் மாதிரி. "அப்ப நீங்க எங்க போவீங்க?"

"வேப்பம்பட்டு. அவரு பாத்துட்டு வந்தாரு. அஞ்சு சொல்றாங்க."

"தண்ணி?"

"கிணறு இருக்காம்."

"ட்ரெயின்ல வந்தா பெரம்பூர்ல இறங்கிடலாம் இல்ல? அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ இருக்கு." குமுதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரலால் தரையில் ஏதோ கோடு இழுத்தாள், ரயில் பாதையாக இருக்கலாம். ராத்திரி ஷிஃப்ட் விட்டு முதல் ரயிலைப் பிடித்தால் எத்தனை மணிக்கு வீடு, பகல் ஷிஃப்ட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று அவள் முகத்தில் ஓடுவது தெரிந்தது. சுகிர்தாவின் மனசிலும் அதே ரயில்தான் ஓடியது. கூட்டத்தில் நிற்கிற பிரின்சி, பஸ் நெரிசல் இல்லாமல் நேராக அம்பத்தூரில் இறங்கிப் பட்டறைக்குப் போய்ச் சேருகிற எட்வின். அவனுக்கு அது சௌகரியம்; ஞாயிற்றுக்கிழமை அதை அவன் சொல்லவே இல்லை. தனக்காகப் பார்த்த வீடு என்று ஆகிவிடும் என்று சொல்லாமல் விட்டிருப்பான். "அக்கா, அங்க பக்கத்துல இன்னொரு வீடு இருந்தா எனக்கும் சேத்துக் கேளுங்களேன்" என்றாள் குமுதா. "இல்லன்னா இந்த ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட வந்துடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா போயிப் பாத்துடலாம்."

சுகிர்தா டேப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மாடியில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணா வேணாம் குமுதா. ரெண்டு குடும்பம் சேந்து போயி வீடு கேட்டா டிமாண்ட் இருக்குன்னு நினைச்சுக்குவான், அங்கயே நின்னு ஆறு ஆக்கிடுவான். முதல்ல நான் போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறேன். அடுத்த மாசம் நாங்க குடிபோனதும் நீ வா. வந்து, நீ பாக்கற வீட்டுக்காரனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே, அக்கம்பக்கத்துல என்ன வாடகைன்னு தெருவுல யார்கிட்டயாவது கேளு. புதுசா குடிவந்தவங்கன்னு அவங்க என் வீட்டைக் காட்டுவாங்க. கதவைத் தட்டு. என்னை முன்ன பின்ன தெரியாத மாதிரி கேளு, அவன் காதுல விழற மாதிரி நான் நாலரைன்னு சொல்றேன்."